மூன்றாவது துளை

ஆவடி
11.11.1985

ஜமீலாவுக்கு,

‘அன்புள்ள’ என்று போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்தேன். உன் இடம் காலியாக இருந்தது. உன் அத்தாவுக்கு எத்துமைலாரம் தொழிற்சாலைக்கு மாற்றல் என்று வரலட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த தெருவில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். உங்கள் பழைய குவார்ட்டர்ஸில் இப்போது குடியிருப்பவர்களிடம் மழையில் நனைந்துகொண்டு போய் இந்த முகவரியை வாங்கினேன். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எழுதுவது வேறு காரியமாக.

பள்ளிக் கண்காட்சியில் பரிசு வாங்கிய நம் கல் மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது. ஜனவரி 23, 24 தேதிகளில் காஞ்சிபுரத்தில். ‘கிரேக்க ரோமானியச் சிற்பிகளின் உளித்தடங்கள்’ என்ற தலைப்பு அப்படியே இருக்கட்டும் என்று கஸ்தூரி டீச்சர் சொல்லிவிட்டார்கள். ஆனால் கல்லில் கருவிக்கு ஒன்றாக நாம் பிரித்த ஐந்து கட்டங்களில் கடைசியை முடித்தாக வேண்டுமாம். ஊசி உளி கொத்திய கட்டம், பல் உளி சீப்பால் வாரியதுபோல் கோடு இழுத்த கட்டம், தட்டை உளி, அரம், இந்த நான்கிலும் குறை இல்லை. ஐந்தாவதில் அந்தத் தலைமுடிச் சுருள் மட்டும் ஐந்து துளைகளோடு நிற்கிறது. துளைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர்களை உடைத்து ஒரே பள்ளமாக்கினால்தான், ரோமானியர்கள் பளிங்குத் தலைமுடிக்குள் அத்தனை கறுப்பான நிழலை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று பார்ப்பவர்களுக்குப் புரியும்.

அதற்கு முன்னால் மூன்றாவது துளையை ஆழமாக்க வேண்டும். மற்ற நான்கும் முக்கால் அங்குலம் இறங்கியிருக்கின்றன. அது மட்டும் கால் அங்குலத்தில் நிற்கிறது. ஆழம் குறைவே தவிர, அதன் விளிம்புதான் எல்லாவற்றிலும் அழகு. டீச்சர் வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுகிறார்கள்.

துளைக்கோல் சாமான்களைப் போட்டு வைத்த மாவு டப்பாவைத் திறந்தால், கல்லைத் துளைக்கிற அலகைக் காணவில்லை. உன் அத்தா பழைய முக்கோண அரத்தைத் தட்டி, கரி அடுப்பில் பழுக்கவைத்துப் பதம் கொடுத்த அலகு. தண்டாகப் போட்டிருந்த சப்பாத்திக் கட்டை இருக்கிறது, மேலே பிடிக்கிற கொட்டாங்குச்சி இருக்கிறது, கயிறு இருக்கிறது. அலகு மட்டும் இல்லை. அந்த டப்பாவை நம் இருவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

உடனே அனுப்பிவை. அது பள்ளியின் சொத்து என்றே வைத்துக்கொள்.

சாராள்

&nbsp;

எத்துமைலாரம்
23.11.1985

சாராள்,

நானும் போடவில்லை.

‘நம் கல்’ என்று எழுதியிருக்கிறாய். செப்டம்பரில் அது உன் கல்லாக இருந்தது. பரிசளிப்பு அன்று தலைமையாசிரியை, “இதை யார் செய்தது?” என்று கேட்டார்கள். நீ என்னைத் தாண்டி முன்னால் போய் நின்றாய். “நான் துளைச்சேன் மேடம். ஜமீலா கயிறு இழுத்தா.” சொன்னாயா, இல்லையா? மண்டபமே சிரித்தது. வரலட்சுமி அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னாடி, தேர் நெலைக்கு வந்துச்சா?” என்று கேட்டாள். சான்றிதழில் உன் பெயர் மட்டும் இருந்தது. அதை நீ வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய்.

கயிறு இழுத்தவளிடம் அலகை ஏன் கேட்கிறாய்? துளைத்தவளிடம் கேள்.

துளை போடக்கூடிய அலகு எதுவும் என்னிடம் இல்லை. வேண்டுமானால் உன் அப்பாவிடம் புதிதாகச் செய்துதரச் சொல். ஜேம்ஸ் மாமாவும் பிட்டர்தானே. பள்ளியின் சொத்து என்று எழுதியிருக்கிறாயே, அந்த அரத்தைப் பழைய இரும்புக் கடைக் குவியலில் கையைக் கிழித்துக்கொண்டு பொறுக்கியது யார்?

இங்கே வீட்டில் இன்னும் சுண்ணாம்பு வாடை போகவில்லை. வகுப்பில் தெலுங்கில் பேசுகிறார்கள். பெயர் கேட்டால் மட்டும் பதில் சொல்லத் தெரிகிறது. அம்மா எதற்கெடுத்தாலும், “ஆவடியில இருந்தப்போ” என்று ஆரம்பிக்கிறாள். நான் ஆரம்பிப்பதில்லை.

ஜமீலா

&nbsp;

ஆவடி
5.12.1985

ஜமீலா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். நான் அன்று சொன்னதில் எது பொய்? நான் துளைத்தேன், நீ இழுத்தாய். நம் புத்தகத்திலேயே, அதுதான் நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த அந்த ஆங்கிலப் புத்தகம், ஒரு ரோமானியக் காலத்துக் கல்லறைக் கல்லின் படம் இருக்கிறதே. ஒருவன் துளைக்கோலைப் பிடித்திருக்கிறான், எதிரே ஒருவன் கயிற்றை இரண்டு கையாலும் இழுக்கிறான். கீழே ‘சிற்பியும் உதவியாளரும்’ என்றுதான் போட்டிருக்கிறது. நான் அதைவிட மோசமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

அப்பா புதிய அலகு செய்து கொடுத்தார். ஆனால் நடப்பது எதுவும் சரியில்லை. கேள்.

முதலில் அம்மாவை இழுக்கச் சொன்னேன். பத்து இழுப்புக்கு ஒரு தடவை அடுப்பைப் பார்க்க ஓடிவிடுகிறாள். “ஏட்டி, எனக்கு மாவு ஆட்டவே தெம்பு இல்ல, இதுல கல்லு வேற ஆட்டணுமா?” என்கிறாள். நடுவில் மூக்கை உறிஞ்சி, “அது என்னது, சாம்பிராணி வாசம் அடிக்கு?” என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ போடுகிறார்கள் என்றேன். அலகைத் தூக்கிப் பார்த்தால் முனை மழுங்கி, தாழ்ப்பாள் மாதிரி ஆகிவிட்டது. துளை ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அப்பா இரண்டாவது அலகு செய்தார். அதற்கு அடுத்த வீட்டு வேம்புலி மாமா வந்தார். அவரை உனக்குத் தெரியும், நெமிலிச்சேரிக்காரர், எந்த வேலையையும் அடுத்தவர் செய்யப் பொறுக்காது. “தள்ளு பாப்பா. இது இன்னா ராக்கெட்டா? நான் இஸ்துக் காட்றேன்” என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றே இழுப்பு. கயிறு அறுந்து, துணி துவைக்கிற கல்லின்மேல் மல்லாந்து விழுந்தார். எழுந்து முதுகைத் தடவிக்கொண்டே, “கவுறு சரியில்ல நைனா” என்று அப்பாவிடம் குற்றம் சொல்லிவிட்டுப் போனார். அந்த அலகும் போய்விட்டது.

தச்சர்கள் வைத்திருக்கிற வில்லை வைத்து நான் தனியாகவும் முயன்றேன். ஒரு கையால் வில்லை இழுத்து ஒரு கையால் கொட்டாங்குச்சியை அழுத்தினால் கோல் ஆடுகிறது. துளைக்கு வெளியே ஓடி சுருளில் ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம். “டிரில்லிங் மெஷின்ல வச்சா ரெண்டு நிமிஷ வேலைம்மா” என்கிறார் அப்பா. மெஷினில் போட்டால் மெஷின் தடம்தான் விழும், ரோமானியத் தடம் எப்படி விழும் என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

நீ இழுக்கும்போது மட்டும் இப்படி ஆனதே இல்லை. என்ன செய்தாய் என்று எழுது. கண்காட்சிக்காகத்தான் கேட்கிறேன்.

சாராள்

&nbsp;

எத்துமைலாரம்
15.12.1985

சாராள்,

கல்லறைக் கல்லில் இருக்கிற அந்த உதவியாளனின் முகத்தைப் பார்த்தாயா? அவன் கயிற்றைப் பார்க்கவில்லை. அலகைப் பார்க்கிறான். நான் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இழுக்கக் கற்றுக்கொண்டேன். நீ கீழே இருக்கிற எழுத்தைப் படித்தாய்.

கண்காட்சிக்காகக் கேட்கிறாய் என்பதால் கண்காட்சிக்காகச் சொல்கிறேன். கயிற்றைத் தண்டில் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றக் கூடாது. இழுக்கிற கையைவிட விடுகிற கை முக்கியம். அது பட்டென்று விட்டால் கோல் துள்ளும். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீர் சொட்டவிட்டு, வெள்ளைச் சேறு வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அலகு கல்லைத் தின்னவில்லை, கல்தான் அலகைத் தின்கிறது. அப்போது நிறுத்திவிட வேண்டும். கயிறு திடீரென்று கனத்தாலும் நிறுத்திவிட வேண்டும். பிடிக்கிறவளுக்கு அது தெரியாது. இழுக்கிறவளுக்குத்தான் தெரியும். நான் நிறுத்து நிறுத்து என்று சொல்லிக்கொண்டே இருப்பேனே, வாய் ஓயாத ஆளென்று நினைத்திருப்பாய்.

உன் அம்மாவையும் வேம்புலி மாமாவையும் சொல்லிக் குற்றமில்லை. பாவம்.

இன்னொன்று. மூன்றாவது துளையை விட்டுவிடு. அது அந்த ஆழத்திலேயே இருக்கட்டும். முதல் இரண்டைச் சேர்த்து ஒரு பள்ளம், நான்கையும் ஐந்தையும் சேர்த்து ஒரு பள்ளம் செய். நடுவில் மூன்றாவது அப்படியே தனியாக நிற்கட்டும். துளை முதலில் எப்படி இருந்தது என்று காட்டுவதற்காக விட்டிருக்கிறோம் என்று டீச்சரிடம் சொல். காரணம் கேட்காதே. ஒரு தடவையாவது நான் சொல்கிறபடி செய்.

ஜமீலா

&nbsp;

ஆவடி
27.12.1985

ஜமீலா,

கிறிஸ்துமஸுக்கு நீ ஒரு வரி எழுதுவாய் என்று நினைத்தேன். போன வருஷம் முழு நாளும் எங்கள் வீட்டில்தான் இருந்தாய்.

மூன்றாவது துளையை விட முடியாது. நீ சொன்னதை அப்படியே கஸ்தூரி டீச்சரிடம் சொல்லிப் பார்த்தேன். “முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டு அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கிறாயா?” என்றார்கள். சுருளின் நடுவே இருக்கிறது அந்தத் துளை. அதை விட்டால் பள்ளம் இரண்டாக அறுந்து நிற்கும். பார்க்கிற யாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இப்போது டீச்சர் வரலட்சுமியை என்னோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அவள் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொய்யாப்பழம் தின்கிறாள்.

நீ எழுதியபடி எல்லாம் செய்தேன். இரண்டு சுற்று, தண்ணீர், ஐந்தாறு இழுப்பு. மற்றத் துளைகளில் வெள்ளைச் சேறு வருகிறது. மூன்றாவதில் வருவதே இல்லை. கிறீச்சென்று ஒரு சத்தம் மட்டும். மூன்றாவது அலகும் மழுங்கிவிட்டது.

இதில் எனக்குப் பொறுக்கமுடியாதது என்ன தெரியுமா? அப்பா. கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து எல்லோரும் பிரியாணிக்கு உட்கார்ந்திருக்கும்போது, மழுங்கிய மூன்று அலகுகளையும் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் புள்ளயோட அத்தா கொடுத்த பதம் என் கைக்கு வரமாட்டேங்கு” என்றார். “இருபது வருஷமா டூல் ரூம்ல இருக்கேன், ஒரு கல்லுல ஓட்ட போட முடியல.” வேம்புலி மாமா வேறு வேலியில் சாய்ந்துகொண்டு, “இன்னா ஜேம்ஸு, பீரங்கிய ஓட்ட போடுவ, அம்மிக்கல்லுல முடியலியா?” என்று கேலி செய்கிறார். அப்பா சிரிக்கிறதே இல்லை. நான்காவது அலகுக்கு அரம் வாங்க நேற்று மறுபடி கடைக்குப் போனார்.

நான் முட்டாள் இல்லை. அந்தத் துளையைப் பற்றி உனக்கு ஏதோ தெரியும். அதனால்தான் விடு விடு என்கிறாய். நான் காஞ்சிபுரத்தில் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டும், அதுதானே உனக்கு வேண்டும்? அப்படியானால் வெளிப்படையாக எழுது. என் அப்பாவை எதற்கு இழுக்கிறாய்?

சாராள்

&nbsp;

எத்துமைலாரம்
6.1.1986

சாராள்,

முதலில் ஜேம்ஸ் மாமாவிடம் சொல். அவர் கொடுத்த பதத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் கல்லைத் துளைக்கவில்லை. உருக்கைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது துளைக்குள் என் அத்தா செய்த அலகின் முனை இருக்கிறது.

பள்ளிக் கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, உங்கள் வீட்டுப் பின்பக்கம். உன் அம்மா ஜெபத்துக்குக் கூப்பிட்டார்கள். நீ இன்னும் நாலு இழுப்பு என்றாய். கயிறு கனக்கிறது, நிறுத்து என்றேன். “உனக்கு என்னடி தெரியும், இழு” என்றாய். இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். “கல்லுல மணலு” என்று சொல்லிவிட்டு நீ கை கழுவிக்கொண்டு உள்ளே போனாய். நான் கோலைத் தூக்கினால் அலகுக்கு முனை இல்லை. நீ சாய்த்துப் பிடித்திருந்ததால் துளையின் விளிம்பும் பெயர்ந்து கீழே கிடந்தது.

உள்ளே நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தீர்கள். கூப்பிட்டிருக்கலாம். நீ அழுதிருப்பாய். உன் அம்மாவிடம், காலையில் நானே பள்ளிக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கல்லை இடுப்பில் வைத்து எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

நம் புத்தகத்தில், உடைந்த இடங்களைப் பழைய சிற்பிகள் எப்படிச் சரிசெய்தார்கள் என்று ஒரு பக்கம் இருக்கிறது. படம் இல்லை என்று நீ தாண்டிவிட்டாய். கல்தூளோடு பிசின் கலந்து அடைப்பார்களாம். எங்கள் வீட்டில் என்ன பிசின் இருக்கும்? வியாழக்கிழமை போடுகிற சாம்பிராணிதான். அதையும் மெழுகுவத்தியையும் கரண்டியில் உருக்கி, நாம் துளைத்தபோது விழுந்த தூளைச் சலித்துப் போட்டேன். முதலில் மஞ்சளாக வந்தது. அடுத்தது வெடித்துவிட்டது. அதற்கப்புறம் தூளை அதிகமாக்கி, மெழுகைக் குறைத்து, இளஞ்சூட்டில் வைத்து அழுத்தினேன். முனை தெரியாமல் மூடினேன். பெயர்ந்துபோன விளிம்பை முழுதாக எழுப்பினேன். வெறுமனே வழவழவென்று விட்டால் தெரிந்துவிடும் அல்லவா? ரம்பத் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டாவது கட்டத்தில் பல் உளிக் கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நெருக்கமாக இதிலும் இழுத்துவிட்டேன். அத்தா வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “எங்கம்மா உடைஞ்சுச்சு?” என்று கேட்டார். அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் கஸ்தூரி டீச்சர் அந்த விளிம்பைத்தான் தொட்டுக் காட்டினார்கள். “என்ன நேர்த்தி, ஒரு பிசிறு இல்லை!” அப்போதுதான் நீ சொன்னாய், ஜமீலா கயிறு இழுத்தா என்று. நான் வாயைத் திறந்தால் பரிசு போய்விடும். திறக்காததால், கயிறு இழுத்தவளாகவே ரயில் ஏறினேன்.

உடைந்த அலகின் பாக்கியை இத்துடன் துணியில் தைத்து அனுப்பியிருக்கிறேன். நீ அழுவாய் என்றுதான் அன்றைக்குச் சொல்லவில்லை. அப்புறம் சொல்லாததற்குக் காரணம் வேறு. உனக்கே தெரியட்டும் என்று இருந்தேன். தினமும் அந்தக் கல்லைப் பார்க்கிறாய். எந்தத் தடம் எந்த உளி என்று ஒரு வகுப்புக்கே பாடம் எடுக்கிறாய். உனக்குத் தெரியவே இல்லை.

என்ன செய்வாயோ செய்.

ஜமீலா

&nbsp;

ஆவடி
27.1.1986

அன்புள்ள ஜமீலா,

போட்டுவிட்டேன். நீ போட வேண்டுமென்று இல்லை.

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நீ சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஊக்கைச் சூடாக்கித் துளைக்குள் விட்டேன். சாம்பிராணி வாசனை. அம்மா அடுக்களையிலிருந்து, “நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?” என்று கத்தினாள். அடியில் நகக்கண் அளவு உருக்கு மினுங்கியது. நீ அனுப்பிய துண்டை அதன்மேல் பிடித்துப் பார்த்தேன். உடைந்த வாய் இரண்டும் பொருந்தின. அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு இந்த வேலைய செஞ்சது?” என்றார். அலகைக் கேட்கிறார் என்று நினைத்து உன் அத்தா பெயரைச் சொன்னேன். “அது தெரியும். இந்த விளிம்பக் கேட்டேன்” என்றார். அன்று ராத்திரி மூன்று தட்டு சாப்பிட்டார்.

அடுத்து நான் செய்ததை டீச்சரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. விளிம்பைச் சுற்றிலும் சூடு காட்டி மெதுவாக நெம்பினேன். பிறை மாதிரி ஒரே துண்டாக வந்தது. அதை அட்டையில் பஞ்சு வைத்து ஒட்டினேன். பக்கத்தில் உடைந்த அலகு. துளையில் முனை அப்படியே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். சார்ட்டை மறுபடி எழுதினேன்: ‘இங்கே அலகு உடைந்தது. கோலைச் சாய்த்துப் பிடித்தவர்: சாராள். நிறுத்தச் சொன்னவர்: ஜமீலா. இந்த விளிம்பு கல் அல்ல. கல்தூள், சாம்பிராணி, மெழுகு. செய்தவர்: ஜமீலா.’ மேலே தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்.

காஞ்சிபுரத்தில் கூட்டம் வந்தது. எல்லோரும் அந்தப் பிறைத் துண்டை மோந்து பார்க்கத்தான் வந்தார்கள். நடுவராக வந்தவர் ஒரு பேராசிரியர். சார்ட்டை முழுக்கப் படித்தார். “முடிக்காத சுருள், உடைஞ்ச அலகு, போலி விளிம்பு. இதையெல்லாம் எதுக்கும்மா ஆவடியிலேருந்து தூக்கிட்டு வந்தீங்க?” என்றார்.

“சார், தடம்னா அதுதானே சார்” என்றேன். “சிலையோட முன்பக்கத்தை மட்டும் பார்த்தா யாரு என்ன செஞ்சாங்கன்னு தெரியாது. பின்னாடி தேய்க்காம விட்ட இடத்தைப் பார்த்தாத்தான் தெரியும்.”

“சரி, இது முன்பக்கமா பின்பக்கமா?”

நான் கல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார். முதல் பரிசு தெர்மாகோலில் செய்த ஒரு கோபுரத்துக்கு. உள்ளே பல்பு எரிந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் கஸ்தூரி டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. பூந்தமல்லி வந்ததும், “அந்த விளிம்பைத் தொட்டுக்காட்டி நான் எத்தனை பேரிடம் பேசியிருப்பேன்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்கள். வரலட்சுமிதான் விடவில்லை. “வாயை மூடிகினு கல்ல மட்டும் வச்சிருந்தீன்னா பிரைஸு நம்பளுதுடி. ஊர்ல இல்லாதவளுக்கு இன்னாத்துக்குடி இம்மாம் பெரிய எழுத்து?” என்று வழியெல்லாம் திட்டினாள். பதிலுக்கு நானும் திட்டினேன். அந்தச் சண்டையில் அட்டை அவள் முட்டிக்கு அடியில் சிக்கி, பிறைத் துண்டு தூளாகிவிட்டது. பஞ்சில் இருந்ததைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

தோற்றதற்கு எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத வரவில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. சொன்னது சரி, செய்தது சரி, ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. உனக்காவது பிடித்திருக்கிறதா?

சாராள்

&nbsp;

எத்துமைலாரம்
8.2.1986

சாராள்,

பிடிக்கவில்லை.

அத்தாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சார்ட்டில் எழுதியிருந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், நீ விளிம்பை நெம்பிய இடம் வந்ததும், “அடப்பாவமே!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

உன் மனசு எனக்குப் புரிகிறது. இரண்டு பெயர் போட்டாய், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சார்ட்டை மடிக்காமல் வை, நான் பார்க்க வேண்டும். ஆனால் என் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு, நான் செய்ததைப் பேருந்தில் தூளாக்கிக் கொண்டுவந்திருக்கிறாய். நான் இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அது. ஒரு டீச்சர், ஒரு தலைமையாசிரியை, இருபது வருஷம் டூல் ரூமில் இருக்கிறவர், என் அத்தா, இத்தனை பேர் பார்த்தும் ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் நின்றது. ஒரு வரி எழுதி, “பிய்க்கலாமா?” என்று கேட்டிருக்கக் கூடாதா? அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. உனக்கு எது சரி என்று தோன்றிவிட்டால் போதும், பக்கத்தில் ஆள் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

நடுவர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். நேரில் சொல்கிறேன்.

மே மாதம் பட்டாபிராமில் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். பத்து நாள் இருப்போம். கல்லைக் கழுவித் துடைத்துச் சாக்கில் சுற்றி வை. துளைக்கோல் வேண்டாம், கயிறும் வேண்டாம். சாம்பிராணியும் மெழுகும் நான் கொண்டுவருகிறேன். மறுபடியும் விளிம்பை எழுப்பப் போகிறேன். நீ கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார். நான் சொல்லும்போது தூளைப் போடு. நிறுத்து என்றால் நிறுத்திவிட வேண்டும்.

ஜமீலா